அரைச்சாயம் இல்லை, கருந்தள அச்சு

மெசோடின்ட் என்ற அச்சுப்பட வகைக்கு மறுபடியும் 'அரைச்சாய ஓவியம்' என்று மொழிபெயர்ப்பு. இந்த முறை ஒரு கலை வரலாற்றுக் கட்டுரையின் மொழிபெயர்ப்பில், ஆங்கிலேய அச்சுக்கலைஞர் ஜான் ராஃபேல் ஸ்மித் 1789இல் வெளியிட்ட படத்துக்குக் கீழே. டெர்பி நகரத்து ஓவியர் ஜோசப் ரைட் 1785இல் தீட்டிய எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துச் செய்த மெசோடின்ட் அது. இறந்துபோன கணவனின் ஆயுதங்கள் பட்டமரத்தில் தொங்க, அதனடியில் ஒரு பெண் தலை கவிழ்ந்து யோசனையில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் மின்னலும் புகையும் எரிமலையும். வெளிச்சம் முழுக்க வானத்தில்; அவள் நிழலாக இருக்கிறாள். இதில் சாயம் எங்கே இருக்கிறது?

மெசோடின்ட் என்ற சொல்லின் மூலம் இத்தாலியம். மெசோ என்றால் பாதி, டின்டா என்றால் நிறம், சாயல். 1642இல் லுட்விக் ஃபான் சீகன் இந்த முறையில் ஓர் உருவப்படம் செய்தார். பிறகு இங்கிலாந்தில்தான் இது செழித்தது. பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

செய்முறைதான் முக்கியம். நுண்பற்கள் கொண்ட வளைந்த கத்தியைச் செப்புத்தகட்டின் மேல் எல்லாத் திசையிலும் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்குவார்கள். நம் வீட்டில் அம்மி கொத்துவார்களே, அதைப்போல, ஆனால் மிகமிக நுணுக்கமாக. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கருவியைத் தொட்டில் என்றே சொல்கிறார்கள். அந்த நிலையில் மை தடவி அச்சிட்டால் தாள் முழுக்க வெல்வெட் போன்ற கறுப்புதான் வரும். அப்புறம் அந்தச் சொரசொரப்பில் எழும்பி நிற்கும் பிசிறைச் சுரண்டிச் சுரண்டி, தேய்த்து மழமழப்பாக்கி, வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த வானம் அப்படி வந்ததுதான். அவளை இருட்டிலேயே விட்டுவைத்திருக்கிறார் ஸ்மித்.

'அரைச்சாயம்' இதில் எதைச் சொல்கிறது? சாயம் என்றால் நமக்குத் துணிக்குத் தோய்ப்பது. 'அரை' சேர்ந்ததும் சரியாகப் பிடிக்காத சாயம் என்று தோன்றுகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாயல்கள் என்ற மூலப்பொருள் தொலைந்தே போகிறது. போதாக்குறைக்கு, பழைய அச்சகங்களில் புகைப்படத்துக்குப் போடும் புள்ளி பிளாக்கை ஹாஃப்டோன் என்பார்கள். அதற்கும் யாராவது இதே சொல்லைப் போடுவார்கள், இரண்டும் குழம்பும். 'ஓவியம்' இன்னொரு பிழை. இது தகட்டிலிருந்து எடுத்த அச்சு. படி எடுக்க எடுக்கப் பிசிறு தேய்ந்து கறுப்பு வெளிறும், அதனால் முதல் படிகளுக்கே மதிப்பு. 'ஓவியம்' என்று எழுதிவிட்டால் இதெல்லாம் வாசகருக்கு எப்படித் தெரியும்?

ஜெர்மானியர் சுரண்டுகலை என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான், ஆனால் தமிழில் சுரண்டல் என்றதும் முதலாளிதான் நினைவுக்கு வருவார். 'செதுக்கு அச்சு' என்றால் கோடு கோடாகச் செதுக்கும் வேறு முறையாகிவிடும். பிரெஞ்சில் 'கறுப்பு முறை' என்ற பெயரும் உண்டு. அந்த வழியில் நான் 'கருந்தள அச்சு' என்கிறேன். கறுப்பான தளத்தில் தொடங்குவது, அச்சிடப்படுவது, இரண்டும் அதில் இருக்கின்றன. முதல் முறை எழுதும்போது பக்கத்தில் மெசோடின்ட் என்றும் போட்டால் தேடுகிறவருக்கு உதவும்.

அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் படத்தை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அதே கட்டுரையில் அந்தப் பெண் 'இந்தியத் தலைவரின் விதவை' ஆகியிருக்கிறாள். ஆங்கிலத்தில் 'இந்தியன்' என்று இருப்பது இங்கே நம் நாட்டவரை இல்லை; அவள் அமெரிக்கப் பழங்குடிப் பெண். கிளையில் தொங்கும் ஆயுதங்களைப் பார்த்துமா சந்தேகம் வரவில்லை?