தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள்

கோடையில் பண்ணைக்குட்டை வெட்டும் வேலையும் சரளை அள்ளும் வேலையும் தொடங்கிவிட்டால், தொல்லியல் களத்தில் பணிபுரியும் எங்களுக்கு ஒரே வகையான செய்திதான் திரும்பத் திரும்ப வந்து சேர்கிறது. இறந்தவரை இட்டுப் புதைத்த பெரிய மண்பானையான முதுமக்கள் தாழி கிடைத்தது, உடைத்துப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்பதே அந்தச் செய்தி. அண்மையில் தென்மாவட்டம் ஒன்றின் மேட்டு நிலத்தில் பொக்லைன் பட்டு வெளிப்பட்ட தாழிகளைச் சிலர் கடப்பாரையால் உடைத்து, உள்ளிருந்த மண்ணைக் கொட்டிக் கிளறி, அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். நாங்கள் அங்கே சென்றபோது எஞ்சியிருந்தவை சிதறிய ஓடுகளும், எந்தத் தாழிக்குரியவை என்று இனி எவராலும் சொல்ல முடியாத எலும்புத் துண்டுகளும் மட்டுமே. ஒன்றும் இல்லை என்று கொட்டப்பட்ட அந்த மண்ணில்தான் எல்லாம் இருந்தது.

அந்தக் காணொளியில் பேசியவர், எல்லா ஊர்களிலும் சொல்லப்படும் கதையையே மீண்டும் சொன்னார். அக்காலத்தில் மனிதர்கள் மிக நீண்ட காலம் வாழ்ந்து, உடல் சுருங்கி, சாவு வராமல் கிடப்பார்களாம். அவர்களை உயிரோடு தாழிக்குள் உட்காரவைத்து, கொஞ்சம் சோறும் தண்ணீரும் விளக்கும் உடன் வைத்து மூடிப் புதைத்துவிடுவார்களாம். பாட்டிகள் சொல்லும்போது இதைக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆசிரியர்கள் வகுப்பறையில் சொல்வதையும், செய்தியாளர்கள் தாழியின் படத்துக்குக் கீழே உண்மைபோல் எழுதுவதையும் பார்க்கும்போது பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே மறுக்கிறேன்.

எலும்பு வயதைச் சொல்லும். பற்கள் முளைத்திருக்கும் நிலை, அவற்றின் தேய்மானம், கை கால்களின் நீண்ட எலும்புகளில் முனைகள் இணைந்துவிட்டனவா என்பது, இடுப்பெலும்பின் மூட்டுப் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு இறந்தவர் குழந்தையா, இளையவரா, நடுவயதினரா என்று உடற்கூறு அறிந்தவர் கணித்துவிட முடியும். நம் புதைவிடங்களில் எல்லா வயதினரும் இருக்கிறார்கள். கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகைப் புதைவிடத்தில் 2020ஆம் ஆண்டு அகழாய்வில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளே கிடைத்தன. சுருங்கிப்போன முதியவர்களுக்கான இடம் அது என்றால், அந்தக் குழந்தைகளுக்கு அங்கே என்ன வேலை?

அடுத்து, எலும்புகள் வைக்கப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள். சில தாழிகளில் உடல் முழுமையாக, முழங்கால்கள் மார்போடு மடிந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கும். இதை நாங்கள் முதல்நிலைப் புதைப்பு என்கிறோம். வேறு பல தாழிகளில் மண்டையோடும் சில நீண்ட எலும்புகளும் மட்டுமே இருக்கும். அவ்வுடல் முதலில் வேறோர் இடத்தில் புதைக்கப்பட்டோ திறந்த வெளியில் விடப்பட்டோ தசை முற்றிலும் நீங்கிய பிறகு, எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வந்து தாழியில் இட்டிருக்கிறார்கள். இது இரண்டாம்நிலைப் புதைப்பு. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் புதைவிடத்தில் இவ்விரு முறைகளும் காணப்படுகின்றன. தசை நீங்கிய எலும்புகளாகத் தாழிக்குள் சென்றவர் உயிரோடு சென்றிருக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இலக்கியச் சான்றும் தெளிவாகவே உள்ளது. புறநானூற்றின் 256ஆம் பாடலில், பாலை வழியில் துணைவனை இழந்த பெண்ணொருத்தி, அவனுக்குச் செய்யும் ஈமத்தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையுமாறு குயவரிடம் கேட்கிறாள். 228ஆம் பாடல், சோழன் கிள்ளிவளவன் மறைந்தபின், அவன் பெருமைக்கு ஏற்ற அளவில் உன்னால் தாழி வனைய முடியுமா என்று குயவரைப் பார்த்து இரங்குகிறது. இரண்டிலும் மரணம் முந்தியது, தாழி பிந்தியது. மணிமேகலை காட்டும் சுடுகாட்டில் சுடுவோரும், வெறுமனே இடுவோரும், குழியில் புதைப்போரும், தாழ்ந்த இடத்தில் அடைப்போரும், தாழியால் கவிப்போரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இறந்தவரை அடக்கம் செய்யப் பல வழிகளைக் கொண்டிருந்த ஒரு சமூகத்தில் தாழியும் ஒரு வழி; அவ்வளவே. உடன் வைக்கப்பட்ட உணவு, இறந்த பிறகும் அவருக்கு ஏதோ தேவைப்படும் என்று நம்பியவர்கள் படைத்தது.

இக்கதையைக் கேட்டு நான் இவ்வளவு வருந்துவதற்குக் காரணம், அது நம் முன்னோரைப் பெற்றவர்களை உயிரோடு புதைத்தவர்களாக ஆக்கிவிடுகிறது என்பதுதான். ஒரு முழுத் தாழியை முறைப்படி அகழ்ந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். இறந்தவர் ஏந்திய இரும்பு வாள் அவரோடு வைக்கப்பட்டிருக்கும். கருப்பு சிவப்பு வண்ணக் கலங்கள் பொருத்தமான இடத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். கழுத்திலிருந்த மணிகள் கோத்தபடியே விழுந்த நிலையில் கிடக்கும்.

புதையல் என்ற நம்பிக்கை அடுத்த தொல்லை. ஆதிச்சநல்லூரில் பொன் கிடைத்தது உண்மை. 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர் யாகோர் தோண்டி எடுத்த பொருட்கள் அந்நகருக்கே கொண்டு செல்லப்பட்டன. 1899 தொடங்கி தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில், நெற்றியில் கட்டுவதற்கு இரு முனைகளிலும் துளையிட்ட பொற்பட்டங்கள் கிடைத்து, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவை தகடாகத் தட்டப்பட்ட மெல்லிய பொன். நூறு ஏக்கருக்கும் மேல் பரந்த அந்த மேட்டு நிலத்தில் புதைக்கப்பட்ட தாழிகளில் மிகச் சிலவற்றில்தான் அதுவும் இருந்தது. பெரும்பாலான தாழிகளில் பொன் இல்லை, இனியும் இருக்காது. கடப்பாரையோடு செல்பவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். ஆனால் திரும்புவதற்குள் தாழியை அழித்துவிடுகிறார்கள்.

அழிவது என்ன என்பதைப் பொருந்தல் என்ற ஊரில் கிடைத்தவை நன்றாக விளக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகில் உள்ள அவ்வூரில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள்ளே ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில், கலத்தைத் தாங்கும் வளையத் தாங்கி ஒன்றில், தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. சுட்ட மண்ணில் கீறிய எழுத்து எப்போது கீறப்பட்டது என்று அந்த எழுத்தை மட்டும் வைத்து ஆய்வகத்தில் கணிக்க முடியாது. ஆனால் நெல்லில் கரிமம் உண்டு. அதன் காலத்தைக் கணிக்கலாம். அந்த நெல்லை அனுப்பிக் கணித்தபோது கி.மு. 490 என்று முடிவு வந்தது. நெல்லும் எழுத்தும் யாரும் கலைக்காத ஒரே ஈமக்குழியில், ஒரே சமயத்தில் வைக்கப்பட்டிருந்ததால் நெல்லின் காலம் எழுத்துக்கும் உரியதாயிற்று. பொன் தேடி வந்த ஒருவர் அந்தச் சாடியைக் கவிழ்த்து, நெல்லைக் கொட்டிவிட்டு, அழகாக இருக்கிறதே என்று தாங்கியை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தால் தமிழ் எழுத்தின் தொன்மைக்கு நாம் காட்டும் முக்கியமான சான்றுகளில் ஒன்று இன்று இருந்திருக்காது. கிடைத்த இடம் தெரியாத மணியும் கலமும் நான்கெல்லை எழுதாத பத்திரம் போன்றவை. கையில் இருக்கும், எதையும் நிறுவாது.

ஒரு நாகரிகம் எப்படி எழுந்தது என்று கேட்பவர்கள் கோட்டையையும் அரண்மனையையும் எதிர்பார்க்கிறார்கள். தென்னிந்திய இரும்புக் காலத்தைப் பொறுத்தவரை, விடையின் பெரும்பகுதி புதைவிடங்களில்தான் இருக்கிறது. ஓர் ஆள் அமரக்கூடிய அளவுக்குத் தாழியை வனைந்து, விரிசல் விழாமல் சுட்டெடுக்க, அத்தொழிலையே வாழ்க்கையாகக் கொண்ட குயவர் வேண்டும். இரும்பை உருக்கி வாள் அடிக்கக் கொல்லர் வேண்டும். உழவில் இறங்காத இவர்களுக்கு உணவளிக்க உழவர்கள் தம் தேவைக்கு மேல் விளைவித்திருக்க வேண்டும். உபரி என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். ஈமக்குழிகளில் கிடைக்கும் சூதுபவளம் என்ற செந்நிறக் கல் மணிகளின் மூலக்கல் பெரும்பாலும் குஜராத் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆகவே தொலைதூர வணிகமும் இருந்திருக்கிறது. ஒரு குழியில் வாளும் மணியும் நிறைந்திருக்க, அதன் பக்கத்துக் குழியில் இரண்டு மூன்று கலங்கள் மட்டுமே இருப்பது சமூகத்தில் ஏற்றத்தாழ்வு உருவாகிவிட்டதைக் காட்டுகிறது. இவற்றுள் எதையும் ஒற்றைத் தாழியை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு புதைவிடத்தின் தாழிகளை அருகருகே ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பத்துத் தாழிகளில் ஆறு உடைந்துவிட்டால், மீதி நான்கின் சாட்சியமும் பலவீனமாகிவிடுகிறது.

நம்பிக்கைகளின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது. இறந்தவர் எங்கோ தொடர்ந்து இருக்கிறார், அவருக்கு உணவு படைக்க வேண்டும், அவர் இருக்கும் இடத்தைக் கல்லால் அடையாளப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் புதைகுழியைச் சுற்றி நட்ட கல்வட்டங்களிலும், கற்பலகைகளால் அமைத்த கற்பதுக்கைகளிலும் உருப்பெற்று, இறந்தவர் நினைவாகக் கல் நடும் நடுகல் வழிபாடாக வளர்ந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துள்ள நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்காக நடப்பட்டது. இன்றும் குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் குடும்பங்கள், அவ்வழக்கத்தின் வேர்கள் எவ்வளவு ஆழமானவை என்பதை இந்தப் புதைவிடங்களைக் கொண்டு ஓரளவு உணரலாம்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டதையும், அவ்வூரின் இரும்புக் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்ற அறிக்கை 2025 சனவரியில் வெளியானதையும் பெருமையோடு பகிராத தமிழர் குறைவு. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்று எத்தனை பேர் கேட்டார்கள்? கைபடாமல் எடுத்த தானியமும் கரியும், ஒளிபடாமல் எடுத்த மாதிரிகளும்தான் இத்தகைய காலக்கணிப்புக்கு அடிப்படை. மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. மண்ணை வெயிலில் கொட்டினால், துகள் தேக்கிவைத்திருந்த அந்தக் கணக்கு சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். பழம்பெருமையைப் பகிர்ந்துகொண்டே அதன் சான்றை உடைத்துக் காணொளி எடுப்பது எந்த விதத்தில் நியாயம்? இவ்வாறான கணிப்புகள் மேலும் பல இடங்களிலிருந்து வர வேண்டும், அப்போதுதான் அவை அசைக்க முடியாதவையாகும். அதற்கு உடையாத தாழிகள் தேவை.

ஆகவே, மண் வெட்டும்போது தடித்த சிவப்புப் பானையின் வாயோ வளைந்த உடற்பகுதியோ தென்பட்டால், உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். வெளியே இழுக்காதீர்கள்; பல நூற்றாண்டுகள் ஈரமண்ணில் இருந்த தாழி, வெயிலில் திடீரென்று உலர்ந்தால் தானாகவே வெடிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உள்ளே கைவிடாதீர்கள், குறிப்பாக எலும்பையும் பல்லையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கொந்தகை எலும்புகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் மேற்கொள்ளும் மரபணு ஆய்வு போன்றவற்றுக்கு, இன்றைய மனிதரின் வியர்வையும் எச்சிலும் பெரும் தடை. பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்து, இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். பிறகு தளர்ந்த மண்ணால் மெதுவாக மூடி, மேலே தென்னங்கீற்று போட்டு நிழல் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அன்றே சொல்லுங்கள். அங்கிருந்து தகவல் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் செல்லும்.

நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தால் பலர் மறைக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். தாழி கிடைத்த நிலமெல்லாம் உடனே பாதுகாக்கப்பட்ட இடமாக ஆகிவிடுவதில்லை. அதற்கெனத் தனி அறிவிக்கை வேண்டும். மாறாக, மறைப்பதுதான் ஆபத்து. மண்ணுள் மறைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். தெரிவிக்காதவருக்கு அதில் சிறைத்தண்டனை உண்டு. முறைப்படி தெரிவிப்பவருக்கு உரிய பங்கையும் அதே சட்டம் பேசுகிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களின் வணிகத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. பழைய பானைக்கு விலை சொல்லிக்கொண்டு ஊருக்குள் வரும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களைப் புதைவிடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள், ஆனால் நினைவுக்கு ஆளுக்கோர் ஓடு எடுத்துவரச் சொல்லாதீர்கள். மேற்பரப்பில் ஓடுகள் சிதறியிருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் எங்கே குழி போடுவது என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.

ஏற்கெனவே மணியையோ கலத்தையோ இரும்புத் துண்டையோ எடுத்து வீட்டில் வைத்திருப்பவர்கள், தண்டனைக்குப் பயந்து தயவுசெய்து கிணற்றில் போட்டுவிடாதீர்கள். துருவைச் சுரண்ட வேண்டாம், உடைந்ததைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். எந்த ஊரில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு ஆழத்தில், வேறு எந்தப் பொருளோடு கிடைத்தது என்று நினைவில் உள்ளதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள்.