பக்கவாதத்துக்குப் பின் கெண்டைக்கால் ஏன் திமிறுகிறது?

பக்கவாதம் வந்தவரின் பாதத்தை வீட்டார் பிடித்து மேலே மடக்கும்போது கால் எதிர்த்துத் தள்ளும். "கொஞ்சம் தளர்வா விடுங்கப்பா" என்று சலித்துக்கொள்வார்கள். பாவம், அவர் அதை வேண்டுமென்று செய்வதில்லை.

கெண்டைக்கால் தசைக்குள் நுண்ணிய தசைக்கதிர்கள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது என்பதோடு எத்தனை வேகமாக நீள்கிறது என்பதையும் அவை தண்டுவடத்துக்குச் சொல்லும். வேகமாக இழுத்தால் தண்டுவடம் மூளையைக் கேட்காமலே "சுருங்கு" என்று அதே தசைக்குக் கட்டளை அனுப்பிவிடும். மருத்துவர் குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இந்தப் பாதையைத்தான். வழக்கமாக மூளை இதை அடக்கி வைத்திருக்கும். பக்கவாதத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. 1980-இல் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் இந்த இறுக்கத்துக்குத் தந்த வரையறையிலும் வேகம்தான் மையம்: நீட்டும் வேகம் கூடக்கூட இறுக்கமும் கூடும்.

அதனால் மெதுவாகச் செய்யுங்கள். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலை உள்ளங்கையில் ஏந்துங்கள். உங்கள் முன்கை அவர் உள்ளங்காலைத் தாங்கட்டும். குதிகாலைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இழுத்தபடி, ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டு பாதத்தை மடக்குங்கள். விரல்பக்கத்தை மட்டும் தள்ளினால் கணுக்கால் அசையாது, நடுப்பாதம்தான் வளையும். தடை தெரிந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் 20 முதல் 30 நொடி நில்லுங்கள். பல நேரம் அது தானாக இளகும். நான்கைந்து முறை போதும். பிறகு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மீண்டும் செய்யுங்கள். கெண்டைக்காலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் உண்டு. மேல்தசை முழங்காலையும் தாண்டிப் போவதால் முழங்கால் மடங்கியதும் தளர்ந்துவிடும், அடித்தசை நீளும்.

பாதம் படபடவென்று துடித்தால் வலிப்பு என்று பயப்பட வேண்டாம். அழுத்தத்தைத் தளர்த்துங்கள், அடங்கும்.

மெதுவாக மடக்கினால் நன்றாக வந்து, வேகமாக மடக்கினால் பாதியில் சிக்கினால் காரணம் நரம்பு. இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் தசையே குறுகியிருக்கலாம். இந்த வேகச் சோதனையை பிசியோதெரபிஸ்ட்டிடம் விட்டுவிடுங்கள்.

இப்படி நீட்டுவதால் வரும் தளர்ச்சி நெடுநேரம் நிற்காது. அந்த நேரத்திலேயே "நீங்களும் சேர்ந்து தூக்கப் பாருங்க" என்று சொல்லி அவரையும் முயலவையுங்கள், முடிந்தால் பிடித்து நிற்கவையுங்கள். நீட்டுவதை மட்டும் நம்பியிருந்தால் மூட்டின் அசைவு பெரிதாகக் கூடுவதில்லை.

இறுக்கம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் இருக்கிறதா பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம்: காலை அசைக்கவோ பிடித்துவிடவோ வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.