இதய வலி ஏன் கையில் தெரிகிறது?

நெஞ்சை அடைக்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது ஓமத் தண்ணீர், இல்லாவிட்டால் சோடா. ஒரு ஏப்பம் வந்ததும் "கேஸ்தான்" என்று படுத்துவிடுகிறோம். எனக்குப் பயம் தருவது அந்த ஏப்பம்தான். அது கொஞ்சம் சுகம் தந்தது என்பதற்காக இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லவே முடியாது.

விரலில் முள் குத்தினால் எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டே காட்டிவிடலாம். இதயத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் வலியைக் கொண்டுவரும் நரம்புகள், தண்டுவடத்தில் மேல்மார்பு மட்டத்தில் நுழைகின்றன. மார்புத் தோலிலிருந்தும் கையின் உட்புறத்திலிருந்தும் வரும் நரம்புகளும் அங்கேயே வந்து சேருகின்றன. கையிலிருந்து வரும் செய்திகளுக்கே பழகிய மூளை, வலிப்பது கைதான் என்று எடுத்துக்கொள்கிறது. இதயத்தின் கீழ்ப்பகுதியோ, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் மேல்வயிறு வலிக்கும், குமட்டும். அஜீரணம் என்று நினைக்க வைப்பது பெரும்பாலும் இதுதான்.

சரி, மாரடைப்பில் மூச்சு ஏன் திணறுகிறது? ரத்தம் கிடைக்காத இதயத் தசை சீக்கிரமே வலுவிழக்கும். இடது கீழறை முன்னே தள்ள முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். அங்கே அழுத்தம் ஏற ஏற, நீர் காற்றுப்பைகளுக்குள் கசியும். படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிவது இதனால்தான். பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மழுங்கியிருக்கலாம். அவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டுமே வரக்கூடும்.

மூச்சை இழுக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தினால் கதை வேறு. நுரையீரலின் உட்பகுதிக்கு அப்படிப்பட்ட வலி தெரியாது; மார்புக்கூட்டின் உட்புறம் ஒட்டிய ஜவ்வுக்குத்தான் தெரியும். நிமோனியாவில் அந்த ஜவ்வு அழற்சியடைந்து வலிக்கலாம். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ ஒரு கால் மட்டும் வீங்கி, அப்புறம் திடீரென்று மூச்சு திணறினால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதுவும் உயிருக்கு ஆபத்தானதுதான்.

இதில் எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. 108-ஐ அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இருக்கலாம். காயம்பட்ட இதயத் தசையிலிருந்து டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து தெரியச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். டாக்டர் இருக்கச் சொன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.