மனு கொடுத்தால் கெடு நிற்காது

மறுபடியும் ஒருவர். மஞ்சள் பை நிறைய மனு ரசீதுகள், அதில் பாதி லேமினேட் செய்தவை. பாகப்பிரிவினை வழக்கில் முன்சீப் கோர்ட்டில் தோற்று இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அப்பீல் போட்டீர்களா என்றால், "கலெக்டர்ல இருந்து பிரதமர் வரைக்கும் போட்டாச்சு சார், இன்னும் பதில் வரல" என்கிறார்.

பதில் வராததால் வழக்கு உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறார். இல்லை ஐயா. முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டுக்குப் போக 30 நாள்தான் கெடு. உயர் நீதிமன்றத்தில் அப்பீல் என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் கணக்கில் வராது. ஆனால் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்ற ஒரு நாளைக்கூட யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

அந்தப் பெரிய இடத்து மனு எங்கே போகிறது என்று யாராவது யோசிக்கிறார்களா? முதல்வர் தனிப்பிரிவில் கொடுத்தால் கலெக்டருக்கு வரும். கலெக்டர் ஆர்.டி.ஓ.வுக்கு, அவர் தாசில்தாருக்கு, தாசில்தார் வி.ஏ.ஓ.வுக்கு. அதாவது யார் மேல் புகார் சொன்னீர்களோ, அவரே அறிக்கை எழுதுவார். டெல்லிக்குப் போட்டாலும் சுற்றிச் சுற்றி அதே மேசைதான். கடைசியில் ஒரு வரி வரும்: "மனுதாரர் உரிய நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்." நியாயமான பதில்தான். கோர்ட் கொடுத்த தீர்ப்பை கலெக்டரும் மாற்ற முடியாது, மந்திரியும் மாற்ற முடியாது. மனுவின் கீழே "நகல்: மேதகு குடியரசுத் தலைவர்" என்று சேர்ப்பதால் அதன் எடை ஒரு கிராம்கூட ஏறாது.

அந்தப் பதிலைக் காட்டி, "இன்றைக்குத்தானே பதில் வந்தது, இன்றிலிருந்து கெடு" என்று வாதாடச் சொல்பவர்களும் உண்டு. 2008-ல் ஒரு அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. காலம் கடந்த கோரிக்கைக்கு மனு போட்டு ஒரு பதிலை வாங்கிவிட்டால் அதற்குப் புது உயிர் வந்துவிடாது.

இன்னொரு கூட்டம் நேராகத் தலைமை நீதிபதிக்கே கடிதம் எழுதுகிறது. திகார் சிறையில் சக கைதி வதைக்கப்பட்டதைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது உண்மை. அது சிறைக் கொடுமை. உங்கள் வரப்புத் தகராறு அந்தக் கணக்கில் வராது.

மனுவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை மனு நல்ல வழி, தாராளமாகப் போங்கள். போலீஸ் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புவது சட்டமே சொல்லும் படி. அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்தது மாஜிஸ்திரேட்.

சரி, என்ன செய்யலாம்? தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு போடுங்கள். நீங்கள் கொடுக்கவேண்டிய முதல் மனு அதுதான். எந்த உத்தரவு கைக்கு வந்தாலும் தேதியைப் பார்த்துவிட்டு, இதற்கு எங்கே அப்பீல், எத்தனை நாள் என்று கேளுங்கள். அப்பீலில் தாமதம் என்றால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழியுண்டு, கிடைப்பது நீதிபதி கையில். புதிதாக வழக்கே போடவேண்டியதாக இருந்து கெடு தாண்டினால் அந்த வழியும் கிடையாது. சர்வே எல்லை உத்தரவை எதிர்த்து சிவில் வழக்குப் போட மூன்று வருடம்தான். அந்த மூன்று வருடத்தையும் மனு கொடுத்தே வீணாக்கியவர்கள் ஏராளம். அரசு மேல் வழக்குப் போடுமுன் அனுப்பும் இரண்டு மாத நோட்டீஸ் மட்டும் விதிவிலக்கு, அந்த நாட்களைக் கெடுவில் சேர்க்கமாட்டார்கள். அதையும் வக்கீல் மூலம் முறையாக அனுப்புங்கள்.

பீஸுக்குப் பயந்துதான் பலர் மனுவோடு நின்றுவிடுகிறார்கள், தெரியும். தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். தயவுசெய்து கெடு முடிவதற்குள் செய்யுங்கள்.