ஸ்பிரிங் கம்பிக்குள் நடக்கும் முறுக்கு

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். ரம்பொடை வளைவுகளில் ரொம்பச் சாய்கிறது. புது ஸ்பிரிங் போடவா, இருக்கிறதிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடவா?"

வெட்ட வேண்டாம் தம்பி. காரணம் ஸ்பிரிங் கம்பிக்குள்ளேயே இருக்கிறது.

சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது முறுகுகிறது, ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி. ஒருமுறை கராஜ் ஒன்றில் உடைந்த ஸ்பிரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முறிவு நேராக இல்லை, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் சுற்றிப் போயிருந்தது. அதன் விளிம்பில், பெயின்ட் உரிந்த இடத்தில், மிளகளவு துருப் புள்ளி. நம் மலை மழையும் பனியும் வைத்த புள்ளி. விரிசல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. ஒரு வெண்கட்டியை எடுத்து இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், அதே சாய்வில் உடையும். வளைத்து உடைத்தால் நேராக உடையும்.

முறுக்கு என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அழகாக அவிழும். கம்பியின் நடுப்பகுதி முறுக்கை அவ்வளவாக உணர்வதில்லை. வெளி ஓரம்தான் அதிகம் இழுபடுகிறது, நடுவிலிருந்து தூரத்தில் இருப்பதால் நெம்புகோல் பலமும் அதற்கே, அங்கே உலோகமும் அதிகம். இவை ஒன்றின்மேல் ஒன்று பெருகுவதால் இறுக்கம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில், அதாவது விட்டத்தை நான்கு தடவை வைத்துப் பெருக்கிய அளவில், ஏறுகிறது. 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால் ஸ்பிரிங் ஏறக்குறைய 38 சதவீதம் இறுகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர்! எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

சுற்றை வெட்டினால் முறுகுவதற்கான கம்பி நீளம் குறைகிறது. வேலை செய்யும் சுற்றுகள் 6 இருந்து 5 ஆனால் 20 சதவீதம் இறுக்கம் கூடும். ஆனால் காரும் இறங்கிவிடும், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் ஓடும் தூரம் குறையும், வெட்டிய முனை ஸ்பிரிங் அமரும் தட்டில் சரியாக உட்காராது. கேஸ் விளக்கால் சுட்டு இறக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும்.

சரி, எவ்வளவு இறுக்கம் வேண்டும்? ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, அங்கே இறுக்கம் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் (ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் விசை) என்றால் கார் நொடிக்கு 1.4 தடவை ஆடும். இறுக்கத்தை இரட்டிப்பாக்கினால் 2 தடவை. நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயக் கார்களின் இறுக்கத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஒட்டுப்போட்ட, நனைந்த ரோட்டில் இறுகிய ஸ்பிரிங் டயரைத் துள்ளவைக்கும், பிடிப்புப் போகும். இன்னொன்று: வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பாரத்தை ஈர்ப்பு மையத்தின் உயரமும் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கை இறுக்கினால் சாய்வு குறையும், அந்தப் பாரம் குறையாது. சாயாத கார் சறுக்காது என்பது வெறும் நம்பிக்கை. புது ஸ்பிரிங் போட்டதும் எலுமிச்சம்பழத்தில் ஏற்றுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை, இந்த நம்பிக்கையால் உயிர் போகும்.

பழையதை விட 20, 30 சதவீதம் இறுக்கம் போதும். ஷொக்கையும் சேர்த்து மாற்றுங்கள், இறுகிய ஸ்பிரிங்கின் துள்ளலைத் தேய்ந்த ஷொக் அடக்காது. கழற்றும்போது ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கருவி கட்டாயம். மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் ஸ்பிரிங்கை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் 150 ஜூல் உள்ளே இருக்கும். 10 கிலோ கல் ஒன்று ஒன்றரை மீட்டரிலிருந்து கால்மேல் விழுவதற்குச் சமம்.

அப்புறம், சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் ஜாக்கில் தொங்கும்போது முடுக்கவேண்டாம் என்று கராஜ் பாஸிடம் சொல்லுங்கள். சக்கரம் தரையில் பாரம் வாங்கியபிறகே முடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கார் சும்மா நிற்கும்போதும் அந்த ரப்பர் முறுகியபடியே இருந்து, சீக்கிரம் கிழியும்.