டாக்ஸிக்: நச்சு மனிதரா, தீ நட்பா?

மனத்தைச் சிதைப்பவர்களை விட்டு விலகுவதைப் பாடும் ஆங்கில ராக் பாட்டு ஒன்றைப் பெங்களூரில் தமிழ் இளைஞர்கள் சிலர் மேடையில் பாடியபோது, திரையில் ஓடிய தமிழ் வரி 'நச்சு மனிதர்களை விடுவி' என்றிருந்தது. ஆங்கிலத்தில் 'டாக்ஸிக்' (toxic) எனப்படும் ஆளுக்கு வாட்ஸ்அப் முதல் மனநலக் காணொளி வரை எங்கும் இந்த 'நச்சு மனிதர்'தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

'டாக்ஸிக்' என்ற சொல்லின் வேர் கிரேக்கம்; அங்கே 'டாக்சான்' என்றால் வில். அம்பில் பூசும் நஞ்சுக்கு அதிலிருந்து 'டாக்சிகான்' என்று பெயர் வந்தது. அது லத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. ஆளையும் உறவையும் சுட்டும் பொருள் பின்னால் ஏறியது. 2018இல் ஆக்ஸ்போர்டு அகராதியினர் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்ததும் இந்த 'டாக்ஸிக்'கையே.

பெல்லந்தூர் ஏரியில் பொங்குவதை நச்சு நுரை என்றால் யாருக்கும் ஐயம் வராது. ஆளுக்குச் சொன்னால்தான் பொருள் தடுமாறுகிறது. 'நச்சு பண்ணாதே', 'நச்சரிப்பு' என்று பேசிப் பழகியவர்களுக்கு நச்சு மனிதர் என்பவர் ஓயாமல் தொணதொணப்பவராகவே தோன்றுவார். பழைய இலக்கியம் படித்தவர்களுக்கோ நச்சுதல் என்றால் விரும்புதல், உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயரிலேயே அது இருக்கிறது. 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்று வள்ளுவரே எழுதினாரே எனச் சிலர் மடக்குவார்கள். யாராலும் விரும்பப்படாதவனின் செல்வம் ஊர் நடுவே நச்சு மரம் பழுத்தது போன்றது என்பது அதன் பொருள்; அங்கே அவர் செல்வத்துக்கு மரத்தை உவமை சொல்கிறாரே ஒழிய, ஆளை நச்சு என்று அழைக்கவில்லை. கேடு தரும் தொடர்பைப் பேச அவர் 'தீ நட்பு', 'கூடா நட்பு' என இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார். கேடு தொடர்பில் இருப்பது. நமக்குத் தீங்கானவர் இன்னொருவருக்கு நல்ல தகப்பனாக இருக்கக்கூடும். ஆகவே உறவுக்குத் தீ நட்பு என்பதும், ஆளைச் சொல்லியே தீரவேண்டுமென்றால் 'நம்மைக் கெடுப்பவர்' என்பதும் போதும். தூய தமிழ் பார்க்காதவர்கள் 'கெட்ட சகவாசம்' என்று சொல்லட்டும்; அதுவும் நச்சு மனிதரைவிடத் தெளிவானது.

'விடுவி' இன்னும் மோசம். சிறைப்பட்டவரைத்தான் விடுவிப்பார்கள், இந்தப் பாட்டில் சிறைப்பட்டிருப்பவரோ பாடுகிறவர். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், வினையை யார் செய்கிறார், யார்மேல் செய்கிறார் என்று பார்ப்பதே இல்லை. 'ஒல்லும் கருமம் உடற்று பவர்கேண்மை சொல்லாடார் சோர விடல்' என்ற குறள் தீ நட்பு அதிகாரத்திலேயே இருக்கிறது: முடியக்கூடிய காரியத்தையும் கெடுப்பவருடைய நட்பை, அவரிடம் சொல்லாமலே தளரவிட வேண்டும். மெல்லிய பாட்டாக இருந்தால் 'சோர விடு' அழகாகப் பொருந்தும். டிரம்ஸ் அதிரும் ராக் பாட்டுக்கு வீடுகளில் வழங்கும் 'தலைமுழுகு' என்பதையே நான் வைப்பேன்.