ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் எங்கே திணறுகிறது?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கேம் திக்கித் திக்கி ஓடினால், "உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கு அவ்வளவுதான் சக்தி" என்று சொல்லிவிடுகிறோம். இதில் பாதிதான் உண்மை. பல நேரம் அந்தக் கிராபிக்ஸ் பகுதி கணக்குப் போடத் தயாராகவே இருக்கிறது. கணக்குக்கு வேண்டிய தரவுதான் ரேமிலிருந்து நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

1920×1080 திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 8.3 எம்பி. அதை நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்பினாலும் அரை ஜிபிதான் ஆகும். சுமை வேறு இடத்தில் இருக்கிறது. முடிந்த படம் கையில் வருவதற்குள் ஒவ்வொரு புள்ளிக்கும் டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேல் போர்த்தும் படங்களை) படிக்க வேண்டும், எது முன்னால் எது பின்னால் என்று பார்க்க வேண்டும், நிழலையும் ஒளியையும் இடைநிலைப் படங்களாக எழுதிவைத்துத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரே புள்ளியைப் பல தடவை தொட்டாக வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் ரேமிடம்தான் போய் நிற்க வேண்டும்.

டிடிஆர்5-6000 ரேம் இரண்டு சேனலில், அதாவது ப்ராசஸருக்குப் போகும் இரண்டு தரவுப் பாதைகளில், ஓடினால் நொடிக்கு அதிகபட்சம் 96 ஜிபி தரும். அதையும் சிபியூவோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தர கிராபிக்ஸ் கார்டுக்கோ 272 ஜிபி, முழுக்கத் தனக்கே. வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

அதனால்தான் இந்த வகைக் கணினியில் ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போடுவது பெரிய நஷ்டம். ஒரு ஸ்டிக்கின் தரவுப் பாதை அகலம் 64 பிட், இரண்டு ஸ்டிக் என்றால் 128. ஒன்றே இருந்தால் 96 பாதியாகி 48 ஆகிவிடுகிறது. டிடிஆர்5-இல் ஒரே ஸ்டிக்குக்குள் இரண்டு துணைச் சேனல்கள் இருப்பதால் ஒன்றே போதும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த இரண்டும் தலா 32 பிட். கூட்டினால் அதே 64தான். அப்புறம், நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் செருகினால், பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் 2-வது, 4-வது ஸ்லாட் என்பதுதான் வழக்கம். கணினி இயங்கும், எந்த எச்சரிக்கையும் வராது, கிராபிக்ஸ் மட்டும் படுத்துவிடும்.

சரி, ரேமை மாற்ற முடியாவிட்டால் கிராபிக்ஸ் பகுதியையாவது பெரிதாக்கலாமே? சிலிக்கானில் இடம் இலவசம் இல்லை. ஏஎம்டியின் ரைசன் 7 5700ஜி-யையும் 5800எக்ஸ்-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே ஜென் 3 கோர்கள், எட்டுதான். ஆனால் கிராபிக்ஸைத் தாங்கும் 5700ஜி-யில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகக் குறைந்துவிட்டது, கார்டைச் செருகும் இணைப்பான பிசிஐஇ 4.0-வும் 3.0 ஆகிவிட்டது. பின்னால் ஒரு நல்ல கார்டு வாங்கிச் செருகலாம் என்று திட்டமிடுபவருக்கு இது நேரடி இழப்பு. மின்சாரத்திலும் இதே இழுபறி உண்டு. 65 வாட் வகைச் சில்லில் சிபியூவும் கிராபிக்ஸும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் அடங்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 தனியாளாகவே 115 வாட் எடுத்துக்கொள்கிறது.

இன்டெலின் 12-வது தலைமுறையில் லேப்டாப் சில்லுகளுக்கு 96 எக்ஸிக்யூஷன் யூனிட் (கிராபிக்ஸ் கணக்குப் போடும் கூறு) வரை கொடுத்துவிட்டு, டெஸ்க்டாப்புக்கு 32-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். 2022-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில் இரண்டே இரண்டு கம்ப்யூட் யூனிட்டுகள் (ஏஎம்டி தன் கிராபிக்ஸ் கூறுகளுக்கு வைத்த பெயர்; இன்டெலின் யூனிட்டோடு நேராக ஒப்பிட முடியாது). டெஸ்க்டாப் வாங்குபவர் கேமுக்குக் கார்டு போட்டுக்கொள்வார், திரையில் படம் வந்தால் போதும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நெருக்கடியை நேராக எதிர்கொண்டவர்களும் உண்டு. 2015-இல் வந்த இன்டெலின் ஐ7-5775சி, ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே ஒரே பேக்கேஜுக்குள் 128 எம்பி நினைவகத்தை வைத்தது. அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கேயே கிடைத்ததால் ரேமிடம் போகும் தடவை குறைந்தது. கிராபிக்ஸுக்காக வைத்த அந்த நினைவகம் சிபியூவுக்கும் கேஷாகப் பயன்பட்டது; தனி கார்டு போட்டு விளையாடியபோதும் பல கேம்களில் பலன் தெரிந்தது. கூடுதலாக ஒரு சில்லு என்றால் செலவும் கூடும். அடுத்து வந்த ஐ7-6700கே-யில் அது இல்லை.

இன்னொரு வழி, பாதையையே அகலமாக்குவது. 2013-இல் சோனியின் கேம் கன்சோல் பிஎஸ்4 அதைச் செய்தது: சிபியூவுக்கும் கிராபிக்ஸுக்கும் பொதுவாக 8 ஜிபி ஜிடிடிஆர்5 (கிராபிக்ஸ் கார்டுகளில் வரும் வேகமான நினைவகம்), நொடிக்கு 176 ஜிபி. 2025-இல் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 அதே யோசனையை பிசிக்குக் கொண்டுவந்தது. 40 கம்ப்யூட் யூனிட், 256 பிட் அகலம், நொடிக்கு 256 ஜிபி. இதற்குக் கொடுத்த விலை, ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். வாங்கும் அன்றைக்கே எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். பிறகு ஏற்ற முடியாது.

ஆனால் நினைவகம் பொதுவாக இருப்பதில் ஒரு லாபமும் ஒளிந்திருக்கிறது. தனி கார்டில் ஆர்டிஎக்ஸ் 4090-க்குக்கூட 24 ஜிபிதான். இந்தச் சில்லோடு 128 ஜிபி வரை ரேம் வருகிறது, அதில் பெரும்பகுதியைக் கிராபிக்ஸுக்கே ஒதுக்கலாம். 24 ஜிபிக்குள் அடங்காத ஏஐ மாடல்களை வீட்டுக் கணினியிலேயே ஓட்ட நினைப்பவர்கள் இதைத் தேடி வருவது அதற்காகத்தான்.